நாவக்கோனைக் கூட்டத்தின் மினிட்ஸ்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

திருப்பதியில் உங்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஃபோன் வந்தது. "மேடம், அந்தக் கோனை விஷயம் மட்டும் வேண்டாம். புதுசா வந்த பசங்க. உற்சாகமா நாலு வார்த்தை போதும்" என்றார் ஏற்பாடு செய்தவர். நான் போகவில்லை. முப்பத்து மூன்று வருஷம் ரெவின்யூ வேலை பார்த்தவளிடம் உற்சாகமான நாலு வார்த்தைதான் வேண்டுமென்றால் காலண்டரில் அச்சடித்ததைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். ஓய்வு பெற்று ஒரு வருஷமாகியும் அது ஆறவில்லை.

மனு வாங்குவது, சான்றிதழ் கொடுப்பது, பட்டா பார்ப்பது எல்லாம் நீங்கள் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது கூட்டத்தில் மினிட்ஸ் எழுதுவதைப் பற்றி. உங்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை அதுதான். யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். "பேசறத எழுது, அவ்ளோதான்" என்பார்கள். அவ்வளவுதான் என்று நானும் நம்பினேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்து ஐந்தாவது வருஷம். சித்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் கல்குவாரிக்காக கிராமசபை கூட்டினார்கள். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்த ஒரு சீனியர் அன்று பக்கத்தில் இருந்தார். நல்ல மனுஷர். காசு வாங்காதவர். பேர் சொல்ல வேண்டாம், காலமாகிவிட்டார். "சுருக்கமா எழுதும்மா. மேலே படிக்கறவங்களுக்கு நேரமில்லை" என்றார். அன்று ஒரு பெண் எழுந்து வெகு நேரம் பேசினார். வெடி வைத்தால் பள்ளிக்கூடச் சுவர் பிளக்கும் என்றார். எந்தச் சுவர், எந்தப் பக்கம், அந்தச் சுவரையொட்டி எந்த வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதியது இது: "கிராம மக்கள் சில ஐயங்களை எழுப்பினர். தக்க விளக்கம் அளிக்கப்பட்டது."

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் ஆபீசுக்கு வந்தார். குவாரி வந்துவிட்டது. சுவரும் பிளந்துவிட்டது. அவர் சொன்ன அதே சுவர். நல்லவேளையாக அது ஞாயிற்றுக்கிழமை. மேலிடத்துக்கு மனு போட்டால், "உங்கள் கிராமம் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. மினிட்ஸின் நகல் ஒன்றை வாங்கி மடித்து எடுத்துவந்திருந்தார். என் மேஜை மேல் விரித்து வைத்தார்.

"நான் பேசுனது இதுல எங்க கீது? காட்டு."

நான் அந்த வரியைக் காட்டினேன். மினிட்ஸ் தெலுங்கில் இருந்தது. ஆந்திரா என்றாலும் அது தமிழ் பேசும் ஊர், அவருக்குத் தெலுங்கு படிக்க வராது. நானே தமிழில் படித்துச் சொன்னேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில ஐயங்கள்னா இன்னா? இதுவா நானு?"

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யார் பேசினாலும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே என் சொந்த நோட்டில் எழுதிக்கொள்வேன். ஆபீஸ் பாஷைக்கு மாற்றுவதெல்லாம் அப்புறம்தான். தெலுங்கில் பேசினால் தெலுங்கு, தமிழில் பேசினால் தமிழ். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் இது. இனி நாவக்கோனைக்கு வருகிறேன்.

அப்போது நான் டெபுடி தாசில்தார். எந்த மண்டலம் என்று சொல்ல மாட்டேன். நகரி, புத்தூர், சத்தியவேடு எல்லையோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மலைக்குள் பிளந்தது போல ஒரு பள்ளத்தாக்கு. தெலுங்கில் நேரேடு கோனை, நம் ஜனங்களுக்கு நாவக்கோனை. அதற்குள்ளிருந்து ஓர் ஆறு வருகிறது. ஆறு என்றால் அகலமாக எதையும் நினைக்க வேண்டாம். சில இடங்களில் தாண்டிவிடலாம். ஆனால் அது நிற்பதில்லை. கீழே மூன்று ஏரிகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு மே மாதம் சர்வேயரோடு எல்லை பார்க்க அதற்குள் போயிருக்கிறேன். வெளியே தார் இளகும் வெயில். உள்ளே நூறு அடி போனதும் சட்டென்று குளிர்ந்தது. தலைக்கு மேலே வானம் தெரியவில்லை. ஆள் உயரப் பெரணிச் செடிகள், பாறையைக் கட்டிப் பிடித்த வேர்கள், மரத்துக்கு மரம் தொங்கும் கொடிகள், எல்லாவற்றிலும் ஈரம். கூட வந்திருந்த திருப்பதிக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஒரு மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டு மரங்க மேடம். ரொம்ப காலத்துக்கு முந்தி இந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கணும். சுத்தியும் நிலம் காஞ்சு போனப்ப, இந்தப் பிளவுக்குள்ள மட்டும் தங்கிடுச்சு. ஆறு இருக்கிறதால இது இருக்கு. இது இருக்கிறதால ஆறு இருக்கு." சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். மே மாதத்தில்.

அந்தக் கோனையில்தான் மின்சாரத் திட்டம் ஒன்று வந்தது. மலை மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே கோனையின் வாயை மறித்து இன்னொன்று. பகலில் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். மின்சாரம் வேண்டும்போது கீழே திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள். மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை. நகரியில் விசைத்தறி வைத்துப் பிழைத்த குடும்பம் என்னுடையது. கரண்ட் போனால் வீட்டில் உலை ஏறாது. ஆனால் எந்த இடத்தை மூழ்கடிக்கிறோம் என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டுமா இல்லையா?

கம்பெனி கொடுத்த சுருக்க அறிக்கை ஆபீசுக்கு வந்தது. ஊர் ஜனங்கள் பார்ப்பதற்காக ஒரு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தெலுங்கில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அந்த ஊர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும், அதுவும் சிலருக்குத்தான். தமிழிலும் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். "இது ஆந்திரா. தெலுகு சாலு" என்று ஒரே வரியில் பதில். தெலுங்கு போதுமாம்.

இரண்டாவது வாரம் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் செங்கம்மா. ஐம்பது வயதிருக்கும். கனகாம்பரமும் மல்லியும் பயிர் போட்டு, விடியற்காலை பஸ்ஸில் புத்தூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். கூட முனிரத்தினம், ஏரிப் பாசனத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கொஞ்சம் கூச்சக்காரர். மூன்றாவது அவருடைய மச்சான்.

"யக்கா, எங்க ஆறப் பத்தி ஒரு புஸ்தகம் வந்துகீதாமே. நாங்க பாக்கலாமா?"

"பார்க்கலாம். உங்களுக்காகத்தான் வெச்சிருக்கு."

செங்கம்மா அதை வாங்கிப் புரட்டினார். படங்களைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "இது எங்களுக்கு இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து நான் படித்துத் தமிழில் சொன்னேன். மூன்று நாள் மதியம். இரண்டாம் நாள் பத்துப் பேர், மூன்றாம் நாள் வராந்தா நிறைந்துவிட்டது. ஏழாவது பக்கத்தில் இந்த வரி இருந்தது: "திட்டப் பகுதியில் உள்ளது மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் வறண்ட ஓடை. குறிப்பிடத்தக்க தாவரங்கள் எவையும் இல்லை."

முனிரத்தினம் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மறுபடி படி யக்கா" என்றார் செங்கம்மா. படித்தேன். "எவன் வந்து பாத்தான்? எங்க ஊருக்குள்ள ஒருத்தனும் வர்லயே. எங்க போர் எல்லாம் காஞ்சு மண்ணு கக்குச்சே, அப்பக் கூட கோனை காய்லயே. அத்தப் போய் வறண்ட ஓடைன்னு எழுதிக்கினு கீறானே, அவன் கண்ணுல இன்னா இருந்திச்சி?"

நான் முழங்கால் தண்ணீரைப் பார்த்தவள். அன்று சாயங்காலமே, மே மாதத்தில் அங்கே தண்ணீர் ஓடியதை நேரில் பார்த்தேன் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். அதற்கு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை.

திட்டத்தைப் பற்றி ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. மினிட்ஸ் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போனபோது முதல் பத்து வரிசையும் நிரம்பியிருந்தது. எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. மைதானத்துக்கு வெளியே வெளியூர் பஸ்கள் நின்றன. உள்ளூர்க்காரர்கள் பின்னால், கயிறு கட்டி, போலீஸ் நிற்க, வெயிலில். விசாரணை யாருக்காகவோ அவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

தலைமை வகிக்க வந்த அதிகாரி இளைஞர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரத்தில் அவருக்கு அது மூன்றாவது கூட்டமாம். சாயங்காலம் நான்கு மணிக்குள் முடித்துக் கிளம்ப வேண்டும் என்று உட்காரும்போதே சொன்னார். அவசரக்காரர் செய்யும் கெடுதிக்குக் கெட்ட எண்ணமே தேவையில்லை என்பதை நான் அன்று பார்த்தேன்.

தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். வளர்ச்சி வரும், வேலை வரும், வரவேற்கிறோம். எல்லோரும் ஒரே நாலு வாக்கியம். எட்டு பேர் ஆனதும் நான் எழுந்து தலைவரிடம் போய், "சார், பாதிக்கப்படறவங்க பின்னாடி நிக்கறாங்க. அவங்கள முன்னாடி விடணும்" என்றேன். கம்பெனி ஆள் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "டைம் இருந்தா விடலாம் மேடம்" என்றார். தலைவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி.

அதன் பிறகு முப்பத்து மூன்று பேர் பேசினார்கள். எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. முனிரத்தினம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நான் பேசத் தெரியாதவன். இங்கிருந்து கோனை நாலு கிலோமீட்டர். எல்லாரும் எழுந்து வாங்க, நடந்தே போலாம். தண்ணி இல்லன்னா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்றேன்" என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நோட் பண்ணிக்கோங்க" என்று என்னிடம் சொன்னார். நோட் பண்ணிக்கொண்டேன்.

செங்கம்மா மைக்கைத் தொடவே இல்லை. "எனக்கு இது வேணாம், என் கொரலே கேக்கும்" என்றார். கேட்டது. "எங்களுக்கு வேல குடுக்கறேன்னு சொல்றீங்க. நாங்க சும்மாவா குந்திக்கினு கீறோம்? விடியகாலம் மூணு மணிக்கு பூப் பறிக்கறோம். அந்தத் தண்ணியில பூத்த பூ அது. திருப்பதி வரைக்கும் போவுது. ஆத்த எடுத்துக்கினு எங்களுக்கு வாட்ச்மேன் வேல குடுப்பீங்களா? எத்தினி வாட்ச்மேன் வேணும் உங்களுக்கு?"

பின்னாலிருந்து கைதட்டல். முன் வரிசையில் தொப்பிக்காரர்களில் இரண்டு மூன்று பேரும் தட்டியதைப் பார்த்தேன்.

மூன்றரை மணிக்குப் பேச்சு முடிந்தது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்காரப் போனேன். அப்போது, அறிக்கை தயாரித்த ஆலோசனைக் கம்பெனியின் ஆள் ஒரு ஃபைலை என் கையில் கொடுத்தார். உள்ளே தெலுங்கில் டைப் அடித்த நான்கு பக்கம். தலைப்பில் அன்றைய தேதி. "பொது விசாரணை நடவடிக்கைக் குறிப்பு." காலையில் கூட்டம் தொடங்கும் முன்பே தயாராகியிருக்க வேண்டும். அந்த மைதானத்தில் டைப் அடிக்க ஒரு மெஷின்கூட இல்லை.

படித்தேன். "பங்கேற்ற பொதுமக்களில் பெரும்பாலோர் திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்றனர். உள்ளூர் மக்கள் வேலைவாய்ப்பு கோரினர். சிலர் எழுப்பிய ஐயங்களுக்கு விளக்கம் அளிக்கப்பட்டு, அவர்கள் திருப்தி அடைந்தனர்." கீழே, பேசியவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல்.

சில ஐயங்கள். குவாரிக் கூட்டத்தில் நான் எழுதிய அதே வார்த்தை.

என் மேலதிகாரி நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார். பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். என் பெண் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பார்த்தவர். காதோடு காதாகச் சொன்னார்: "ரெண்டு வருஷம்தான் இருக்கு உனக்கு. பென்ஷனை நினைச்சுக்கோ. இதை அப்படியே படிச்சுட்டு உட்கார். யாரும் கவனிக்க மாட்டாங்க."

கூட்டம் முடியும்போது குறிப்பை ஜனங்களுக்கு அவர்கள் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. யாரும் மதிக்காத விதி. வழக்கமாக, கூட்டம் கலைந்து போகும்போது மைக்கில் மடமடவென்று யாராவது வாசிப்பார்கள். காதில் வாங்க ஆள் இருக்காது.

அந்த இரண்டு மூன்று நிமிஷத்தை உங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வீரமாக நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஃபைலைக் கிழித்து எறிய வேண்டும் போல் இருந்தது. கிழித்திருந்தால் அன்றே சஸ்பெண்ட், வேறு ஒருவர் வந்து வாசித்திருப்பார், காகிதம் அப்படியே மேலே போயிருக்கும். பேசாமல் உட்கார்ந்தாலும் அதேதான். அழுகையும் வந்தது. பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது. என்னைப் படிக்கத்தானே சொல்கிறார்கள்? படிக்கிறேன்.

மைக்கை வாங்கினேன். "யாரும் போகாதீங்க. இன்னைக்கு நீங்க பேசினதுன்னு எழுதினதை இப்ப உங்களுக்குப் படிச்சுக் காட்டப்போறேன். இதுல தப்பு இருந்தா நிறுத்திச் சொல்லலாம். அது உங்க உரிமை" என்றேன். அதே விஷயத்தைத் தெலுங்கிலும் சொன்னேன். கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

பிறகு அதைத் தமிழில் படித்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலைப்பிலிருந்து ஆரம்பித்து மெதுவாக, செய்தி வாசிப்பது போல. "பங்கேற்ற பொதுமக்களில் பெரும்பாலோர் திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்."

பின்னாலிருந்து செங்கம்மாவின் குரல்.

"நிறுத்து யக்கா! யார் சொன்னது அப்டி?"

"இந்தக் காகிதத்துல எழுதியிருக்கும்மா."

"நீயா எழுதினே?"

மைதானம் முழுக்க என்னையே பார்த்தது. பொய் சொல்ல இடமில்லாத கேள்வி அது. "இல்லைம்மா. டைப் பண்ணி என் கையில குடுத்தாங்க. நான் எழுதினது என் நோட்டுல இருக்கு" என்றேன்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "மேடம், சாலு" என்றார். நான் மைக்கை மூடிக்கொண்டு அவரிடம் சொன்னேன்: "சார், கடைசி வரை படிச்சுக் காட்டணும்னு விதி. பாதில விட்டா கூட்டமே செல்லாதுன்னு நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க. கையெழுத்து உங்களோடது." மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவர் கம்பெனி ஆட்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். "படிங்க" என்றார்.

பெயர்ப் பட்டியலுக்கு வந்தேன். ஆறாவது பெயரைப் படித்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு தொப்பி எழுந்தது. ஒல்லியான மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அது என் பேரு. நான் பேசவே இல்லியே."

"உங்க ஊர் எது?"

"ராமகுப்பம் பக்கம்மா. பட்டுப்புழு வளக்கறவன். திருப்பதியில தரிசனம் பண்ணி வைக்கறோம், வர வழியில ஒரு மீட்டிங்குல குந்தினா போதும்னு பஸ்ஸுல ஏத்திக்கினு வந்தாங்கோ. நானு சாமி கும்பிட வந்தவன். இவங்க ஆறு போறதுக்கு என் பேர எழுதாதீங்கம்மா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அதோடு கூட்டம் கை மாறியது. தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எல்லாம் இல்லை. ஆனால் நிறைய. யாரும் கல்லை எடுக்கவில்லை, நாற்காலியை உடைக்கவில்லை. ஜனங்கள் மேடையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஒவ்வொரு வரியா சொல்லு யக்கா, நாங்க சொல்றோம்" என்றார் செங்கம்மா. டைப் அடித்த காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் நோட்டிலிருந்து ஒவ்வொருவர் பேச்சாகப் படித்தேன். அவரவர் "ஆமா, சொன்னேன்" என்றதும் நல்ல தாளில் எழுதினேன். ஓர் இடத்தில் நான்தான் தப்பு செய்திருந்தேன். ஏரியின் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். முனிரத்தினம் கூச்சத்தோடு திருத்தினார். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டிய தலைவர் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார். பதினோரு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கையெழுத்தின்போது தலை நிமிராமல், "மே மாசத் தண்ணி பத்தி நீங்க அனுப்பினதா சொல்ற குறிப்பு என் கைக்கு வரவே இல்லை மேடம்" என்று மட்டும் சொன்னார். நிஜமா என்று எனக்குத் தெரியாது.

ஆபீசுக்குக் கொண்டுபோவதற்கு முன் பதினோரு பக்கத்தையும் மேஜை மேல் பரப்பினேன். "ஃபோட்டோ எடுத்துக்கோங்க" என்றேன். இருபது முப்பது செல்ஃபோன்கள் நீண்டன. இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். ஆபீசில் ஃபைல்கள் எப்படித் தொலையும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அரசுக் குறிப்பின் ரகசியத்தைக் காக்கவில்லையாம், கூட்டத்தைத் தூண்டினேனாம். பிறகு மாற்றல். கடைசி இரண்டு வருஷம் பழைய ஃபைல்கள் அடுக்கிய ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கையெழுத்துக்கு வரமாட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் கேன்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்தார்கள். என் பெண் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர், எதிரில் வந்தால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அதுதான் அதிகம் வலித்தது. நியாயமாக நடந்தால் நாலு பேர் தட்டிக்கொடுப்பார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு யாரும் தட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பதினோரு பக்கம் மேலே போனது. அனுமதி கொடுக்கும் குழு அதைப் படித்தது. நாலு கிலோமீட்டர் நடந்து வரச் சொன்ன முனிரத்தினத்தின் பேச்சைப் படித்துவிட்டு, நடந்து பார்க்கவே ஆள் அனுப்பினார்கள். மே மாதத்தில் வந்தார்கள். போனவர்கள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டியதாக செங்கம்மா ஃபோனில் சொன்னார். எல்லாப் பருவத்திலும் ஆய்வு செய்து புது அறிக்கை கொண்டுவரும்படி திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வறண்ட ஓடை என்று எழுதியவர்களுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறீர்களா? ஒன்றும் இல்லை. இன்றும் எங்கேயோ, எந்த ஆற்றைப் பற்றியோ எழுதிக்கொண்டிருப்பார்கள். என் கோபம் ஆறாததற்கு அதுதான் காரணம். நான் பிழை செய்தபோது ஒரு சுவர் பிளந்தது. அவர்கள் பொய் எழுதினால் ஒரு காடு போகும், அது திரும்பி வராது. ஆனால் மெமோ வந்தது எனக்கு.

போன வாரம் செங்கம்மா மறுபடி கூப்பிட்டார். கம்பெனி வேறு பெயரில் வந்திருக்கிறது. புது அறிக்கை. அதே கோனை. இந்தத் தடவை அறிக்கையில் "பகுதி நேர ஓடை" என்று எழுதியிருக்கிறார்களாம். சண்டை போட்டு ஊர்க்காரர்கள் தமிழிலும் ஒன்று வாங்கிவிட்டார்கள். முனிரத்தினம் அதைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாராம், இப்போது பேசத் தெரியாதவன் என்று சொல்வதில்லையாம். விசாரணை அடுத்த மாதம், அதே பள்ளிக்கூட மைதானத்தில்.

மினிட்ஸ் எழுத ஆள் போட்டிருப்பார்கள். புதிதாக வந்தவர் தலையில்தான் கட்டுவார்கள் என்றேனே, உங்களில் ஒருவர்தான் அந்த மேஜையில் உட்காரப் போகிறீர்கள். யார் என்று எனக்குத் தெரியாது. உங்களை முன்பே பார்த்துப் பேசவும் மாட்டேன், அது முறையில்லை. நான் இப்போது அரசு ஊழியர் இல்லை. கோனைத் தண்ணீர் பாயும் ஏரியின் கீழ் என் அக்காவுக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அவருக்காக நான் பேச வருகிறேன். பேசுகிறவர்கள் வரிசையில் செங்கம்மாவுக்கு அடுத்த டோக்கன் என்னுடையது. மே மாதத்தில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன், கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். நிதானமாகத்தான் பேசுவேன், உங்கள் கை வலிக்காது.

பேசி முடித்ததும் போய்விட மாட்டேன். நீங்கள் படித்துக் காட்டும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.